அவளுடைய அம்மா மேல் ஒரு சத்தியம்

சட்டையில் பச்சை ரிப்பன் குத்திய ஆள் யாராவது எதிரே வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரைக்காலில் நான் படித்த கல்லூரியில் அந்த வருடம்தான் தோழமை வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். மனசு சரியில்லாத மாணவர்கள் சொல்வதை மாணவர்களே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பது, அவ்வளவுதான் அதன் வேலை. வாரத்தில் ஒருநாள் மட்டும் வரும் ஆலோசகர் மேடம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார். நூலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, வாசலில் ஒரு பலகை. கேன்டீனில் டீ குடிக்கிற அத்தனை பேருக்கும் அந்த வாசல் தெரியும். காரைக்கால் என்ன சென்னையா? ஒருத்தி அந்த அறைக்குள் காலை வைத்து வெளியே வருவதற்குள் சேதி பஸ் ஸ்டாண்டைத் தாண்டிவிடும். அதனால் ஓர் ஈ காக்கைகூட உள்ளே போகவில்லை. ரிப்பன்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒடம்புக்கு வந்தா டாக்டர்கிட்ட போவாங்க, ரிப்பன் குத்துனவங்ககிட்ட எவ போவா?" என்று நான் கேன்டீனில் சத்தமாகவே சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாய் அப்படி. அந்த அறை உள்ளதிலேயே அதிகமாகத் தேவைப்பட்ட ஆள் நான்தான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான் எம்.எஸ்சி. கணிதம் முதல் வருடம். பி.எஸ்சி.யில் ரேங்க் வாங்கியவள். அதில் வந்தது வினை. திருநள்ளாற்றில் எங்கள் தெருமுனையில் மாமா ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார். பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கி, பின்னால் தாமரையும் சூரியனும் போட்டு, "எங்கள் குலக்கொழுந்தே" என்று கொட்டை எழுத்தில். என் மூக்கு மட்டும் ஒரு முழம் இருக்கும். பஸ்ஸுக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த மூக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் செமஸ்டரில் இரண்டு பேப்பர் ஊத்திக்கொண்டது. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அப்பா காரைக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், மீதி நேரத்துக்கு வயல். அவருக்கு என் பரீட்சை பற்றி எதுவும் கேட்கத் தெரியாது. "எம் பொண்ணுக்குத் தெரியாததா" என்று ஒன்று மட்டும் சொல்லுவார்.

அதற்குப் பிறகு வகுப்பில் எதுவுமே மண்டையில் ஏறவில்லை. கரும்பலகையில் எழுதுவது தெரியும், படிக்கவும் முடியும், ஆனால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள சம்பந்தம் மட்டும் அறுந்து போயிருந்தது. கணக்குப் படிக்கிறவளுக்கு அது போனால் என்ன மிச்சம்? தூக்கம் போனது. பசி போனது. ஒருநாள் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன், கால் கல்லூரிப் பக்கம் போகவில்லை. சும்மா பெஞ்சில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வழக்கமான பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போனேன். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்து அதுவே வழக்கமாகிவிட்டது.

அம்மா கட்டிக் கொடுக்கும் டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வீடு திரும்ப வேண்டும், இல்லையென்றால் கேள்வி வரும். பஸ் ஸ்டாண்டில் ஒரு செவலை நாய் இருந்தது. சாம்பார் சாதம் என்றால் வாலை ஆட்டிக்கொண்டு வரும். வத்தக்குழம்பு என்றால் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்க்கும். எங்கம்மா கையால் தின்று அந்த நாய் நன்றாகக் கொழுத்தது.

இதில் இன்னொரு கூத்து, நான் திருநள்ளாற்றுக்காரி. எங்கெங்கிருந்தோ ஜனங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தங்கள் சனியை எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போகிறார்கள். விட்டதையெல்லாம் நான் ஒருத்தி பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேனோ என்று பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்பும் கொஞ்ச நாளில் நின்றுபோனது. நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று ஓர் எண்ணம் வந்தது. அழுகையோடு வரவில்லை. வீட்டுக்கணக்கு போடுகிற மாதிரி நிதானமாக வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த நிதானத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் குலை நடுங்குகிறது.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்தாள். எம்.காம். படிக்கிற பெண். பட்டினச்சேரி. அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள், அம்மா மீன் விற்கிறவர். காலையில் திருமலைராயன்பட்டினம் பஸ்ஸில் வந்து இறங்கும்போது என்னைப் பார்த்திருக்கிறாள். மதியம் திரும்பிப் போக வந்தபோதும் அதே பெஞ்சில் பார்த்திருக்கிறாள். சுடிதாரில் பச்சை ரிப்பனோடு எதிரே வந்து நின்றாள்.

"இங்க உக்காரலாமாங்க?"

"பஸ் ஸ்டாண்டு என்ன எங்கப்பா வீட்டுச் சொத்தா? உக்காருங்க."

"எங்கப்பாவுக்கும் படகுல ஒரு பங்குதாங்க. பஸ் ஸ்டாண்டெல்லாம் இல்ல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். நான் தொடவில்லை. அவள் பாட்டுக்குத் தின்றாள். பஸ் வந்ததும் "வரேங்க" என்று ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் மறுபடியும் வந்தாள். அன்றும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டாலாவது வெடுக்கென்று ஏதாவது சொல்லி விரட்டலாம். வகுப்புத் தோழிகள் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள்தான். "ஏன்டி ஒரு மாதிரியா இருக்க?" என்று கேட்ட வாயாலேயே, நான் பதில் சொல்வதற்குள், "யோகா பண்ணு, சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இவள் யோகாவும் சொல்லவில்லை, ஒரு மண்ணும் சொல்லவில்லை.

"உங்க வட்டத்துக்கு ஆள் புடிக்க வந்தீங்களா?" என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன்.

அவள் ரிப்பனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "இதக் குத்திக் குத்தித் துப்பட்டா கிழியுதுங்க. அந்த ரூமுக்கு ஒருத்தரும் வர மாட்டேங்குறாங்க. மேடம்தான் சொன்னாங்க, ரூம்ல உக்காந்து என்ன பண்றீங்க, ஆளுங்க எங்க இருக்காங்களோ அங்க போயி உக்காருங்கன்னு. எனக்கு எப்படியும் பஸ் ஸ்டாண்டுக்கு வரணும். அதான் இங்க."

"அப்ப நான் ஒரு ஆளு."

"நீங்க உக்காந்திருக்கீங்க. நானும் உக்காந்திருக்கேன். பேசணும்னு தோணுனா பேசுங்க. இல்லாட்டி கடலையாவது சாப்புடுங்க."

அன்று கடலை தின்றேன். எத்தனையோ நாளைக்கப்புறம் வாயில் போட்ட ஒன்றுக்கு ருசி தெரிந்தது. அதற்காக அவள் மேல் இன்னும் கோபம் வந்தது, ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது, நீங்க போய் நீ வந்தது. நாயைப் பற்றி, அவள் அண்ணன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற கதை பற்றி, அவளுடைய அம்மா சந்தையில் போடும் சண்டை பற்றி. அம்மாவைப் பற்றிப் பேசும்போது அவள் கையை ஆட்டி ஆட்டி அந்த அம்மாவாகவே மாறிவிடுவாள். நான் சிரித்துவிடுவேன். ஆனால் என் விஷயத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அந்த நிலைமையில்தான் எங்கள் வகுப்பில் ஒருத்தி போன் செய்தாள். வருகை மிகவும் குறைந்துபோனதால் துறைத் தலைவர் மறுநாள் என் அப்பாவிடம் பேசப் போகிறாராம். அன்று மதியம் அவள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும், "கொஞ்ச தூரம் நடக்கலாமா" என்று நான்தான் கேட்டேன். இருவரும் அரசலாற்றங்கரை நடைபாதைக்குப் போனோம். கடலைப் பார்க்கப் போகிற குடும்பங்கள், ஐஸ்கிரீம் வண்டி, வெயில். ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஒண்ணு சொல்லணும். ஆனா யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு. என்னால முடிஞ்ச வரைக்கும்..."

"முடிஞ்ச வரைக்கும்லாம் வேணாம். சத்தியம் பண்ணு."

அவள் முகம் மாறியது. "அப்படி வாக்கு குடுக்கக் கூடாது. எங்களுக்கு மொதப் பாடமே அதான். ரகசியமா வச்சிப்பேன். ஆனா உசுருக்கு ஆபத்துன்னா மட்டும்..."

"அப்ப ஆள விடு," என்று எழுந்தேன்.

அவள் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருடி." அதுதான் அவள் என்னை முதல் தடவை டி போட்டது.

"உங்கம்மா மேல சத்தியம் பண்ணு. உக்காருறேன்."

"எங்க வீட்டுல யாரும் சத்தியமே பண்ண மாட்டோம். ரெண்டு ஆம்பளைங்க கடல்ல கெடக்குற வீடு. விளையாட்டுக்குக் கூட பண்ண மாட்டோம்."

"அதனாலதான் கேக்குறேன்," என்று உள்ளங்கையை நீட்டினேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் சத்தியத்திலேயே வளர்ந்தவர்கள். பென்சிலை யார் எடுத்தது என்பதில் ஆரம்பித்துக் கல்யாணப் பேச்சு வரைக்கும் கையில் அடித்தால்தான் நம்பிக்கை. ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வோம் என்று ஆயிரம் பயிற்சியில் சொல்லிக் கொடுக்கலாம், எதிரே நிற்கிறவள் உள்ளங்கையை நீட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவள் என் கையைப் பார்த்தாள். கையை வைக்காவிட்டால் நான் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஜில்லிட்ட கையை என் கைமேல் வைத்தாள்.

"எங்கம்மா மேல சத்தியமா."

எல்லாவற்றையும் கொட்டினேன். அரியர், பொய், டிபன் பாக்ஸ், நாய், ஃப்ளெக்ஸ், அப்பா. அவள் குறுக்கே பேசவில்லை. நான் நிறுத்தியதும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

அப்படி மூஞ்சிக்கு நேரே யாரும் என்னைக் கேட்டதில்லை. நான் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். "தோணுது," என்றேன். "நாளைக்கு அப்பாவுக்கு போன் போறதுக்கு முன்னாடி." அப்புறம் அத்தனை நாள் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதேன். ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்.

அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அழுது ஓய்ந்ததும் சொன்னாள்: "நான் இத மேடம்கிட்ட சொல்லப் போறேன். உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன். உன் முன்னாடி வச்சே சொல்றேன்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை. "சத்தியம் பண்ணுன."

"பண்ணுனேன். மீறப் போறேன்."

அப்போது நான் பேசிய பேச்சு! துரோகி என்றேன், பொய்க்காரி என்றேன், ரிப்பனுக்கு மினுக்கிக்கொண்டு வந்தவள் என்றேன். கடைசியில், "உங்கம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அதுக்கு நீதான் காரணம்" என்றும் சொன்னேன். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. போனை எடுத்துவிட்டாள்.

"எங்கம்மாவ நான் பாத்துக்குறேன்டி," என்றாள். "உன்ன யாரு பாத்துக்குறது?"

எழுந்து போயிருக்கலாம். கால் இருந்தது, வழி இருந்தது, அவள் என்னைப் பிடித்துக்கூட வைக்கவில்லை. போகவில்லை. வாயால் அவளைக் கரித்துக் கொட்டிக்கொண்டே, அவள் போனில் என்ன சொல்கிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், அப்பாடா, என்று ஒரு சத்தம் கேட்டது. அது என்னுடையதுதான்.

அன்று மேடம் கல்லூரிக்கு வரும் நாள் இல்லை. மாதா கோயில் பக்கத்தில்தான் வீடு. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வரவில்லை என்பதுதான் குறை, அப்படி ஒரு வேகத்தில் ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தார். உபதேசம் ஏதும் இல்லை. "தண்ணி குடிச்சியாம்மா?" என்று கேட்டார். குடிக்க வைத்தார். பிறகு, வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரிடம் முதலில் சொன்னால் எனக்குப் பயம் குறைவாக இருக்கும் என்று கேட்டார். "அம்மா," என்றேன். ஓர் ஆட்டோ பிடித்து மூன்று பேரும் திருநள்ளாறு போனோம். தெருமுனையில் ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அவள், "இந்த மூக்கா!" என்றாள். அத்தனை கலவரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

மேடம் சொல்லச் சொல்ல அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நான் எதிர்பார்த்த ஒன்றும் நடக்கவில்லை. தலையில் அடித்துக்கொள்ளவில்லை, மானம் போச்சு என்று சொல்லவில்லை. எல்லாம் கேட்டு முடித்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப தெனமும் சோத்த யாருதான்டி தின்னா?"

"நாயிம்மா."

"நாயா!" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "எம் புள்ள பட்டினி கெடந்து, நான் நாயிக்கு நெய் ஊத்தியில்ல போட்டுருக்கேன்," என்று அழுதாள். அரியர் பற்றி அன்று அவள் பேசவே இல்லை.

அப்பா வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சட்டையைக் கூடக் கழற்றாமல் வெகுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு, "நாளைக்குக் காலைல நளதீர்த்தத்துல ஒரு முழுக்குப் போட்டு அர்ச்சனை பண்ணிட்டா..." என்று ஆரம்பித்தார். "அதையும் பண்ணுவோம்," என்றாள் அம்மா. "அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட போவோம். சனீஸ்வரன் எங்கயும் போயிட மாட்டாரு, இதே ஊர்லதான இருக்காரு." அப்பா எழுந்து சட்டையைக் கழற்றினார்.

மேடம் சொன்ன மனநல மருத்துவரிடம் போனோம். மாத்திரை கொடுத்தார், வரச் சொன்ன நாளில் எல்லாம் போனேன். தூக்கம் திரும்ப வந்தது. அட, தூக்கம் என்பது இவ்வளவு நல்ல சாமானா என்று இருந்தது. சோற்றுக்கு ருசி வந்தது. துறைத் தலைவரிடம் மேடமும் அப்பாவும் போய்ப் பேசினார்கள். அந்த மனுஷர் என்னைக் கூப்பிட்டு, "நானும் ஒரு பேப்பர் கோட்டை விட்டவன்தாம்மா, யார்கிட்டயும் சொல்லிடாத," என்றார். அந்தக் கறார் மனிதர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று யார் நினைத்தது? இத்தனை நாள் எதற்குச் செத்துச் செத்துப் பிழைத்தேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. மாமாவிடம் கேட்காமலேயே அம்மா போய் ஃப்ளெக்ஸைக் கழற்றி வந்து வைக்கோல் போர் மேல் போர்த்திவிட்டாள். மழைக்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கிறது.

எல்லாரிடமும் சரியாகிவிட்டேன், அவளிடம் மட்டும் ஆகவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றும். உடனே, சத்தியம் பண்ணிவிட்டு மீறினாளே என்ற வீம்பும் வரும். அவள் தினமும் "சாப்டியா?" என்று ஒரு மெசேஜ் போடுவாள். நான் கட்டைவிரலை மட்டும் அனுப்புவேன். ஒருநாள் அந்த மெசேஜ் வரவில்லை. மறுநாளும் இல்லை. கல்லூரிக்கும் அவள் வரவில்லை. விசாரித்தால், "அவங்கம்மாவுக்கு ரொம்ப முடியலியாம், படுத்த படுக்கையா இருக்காங்களாம்" என்றார்கள்.

ஆற்றங்கரையில் நான் சொன்ன வார்த்தை காதுக்குள் கேட்டது. இதையெல்லாம் நம்புகிறவளா நீ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கணக்குப் படித்தவள்தான். ஆனாலும் நம்பினேன், என்ன செய்வது! வீட்டில் அம்மாவிடம் சத்திய விஷயத்தைச் சொல்லாமல், தோழியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். "போன ஒடனே போன் பண்ணு," என்று அனுப்பினாள். சனிக்கிழமை. ஊரே திருநள்ளாற்றுக்கு வந்துகொண்டிருந்தது, நான் எதிர்ப்பக்கம் போனேன். காரைக்காலில் பஸ் மாறி, திருமலைராயன்பட்டினத்தில் இறங்கி, பட்டினச்சேரிக்கு நடந்தேன். வீடுகளின் முன்னால் வலை காய்ந்தது. வீட்டை விசாரித்ததும் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டினார்.

வாசல்படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதடு பிதுங்கியது.

"அன்னிக்கே சொன்னேன்ல, எங்க வீட்டுல சத்தியம் பண்ண மாட்டோம்னு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். காய்ச்சலா, டாக்டரிடம் காட்டினீர்களா, அதெல்லாம் ஒன்றும் இல்லை, பயப்படாதே என்று ஏதேதோ நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அவள் என்னிடம் எப்படிக் கேட்டாளோ அப்படியே கேட்டேன். "உங்கம்மா செத்துப் போயிடுவாங்கன்னு பயமா இருக்கா?"

தலையை ஆட்டினாள். "மேடம்கிட்ட போன் பண்ணுன அன்னியிலேருந்தே பயம்டி. தெனமும் வீட்டுக்கு வரும்போது தெருமுனையில நின்னு கேப்பேன். எங்கம்மா யாரையாச்சும் திட்டுற சத்தம் வந்தாத்தான் உள்ள வருவேன். இப்ப திட்ட மாட்டேங்குறாங்க. படுத்தே கெடக்குறாங்க. யார்கிட்ட போயி சொல்லுவேன்? மேடம்கிட்ட சொன்னா என்ன படிச்ச புள்ளன்னு கேப்பாங்க."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் நன்றாகத் தூங்கிய அத்தனை நாளும் இவள் தெருமுனையில் நின்றிருக்கிறாள். நான் கட்டைவிரல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

எழுந்தேன். "வா, உங்கம்மாகிட்ட சொல்லுவோம். சத்தியம் கேட்டது நான்தான்னு நானே சொல்றேன்."

"ஐயோ வேணாம்டி! யார்கிட்டயும் சொல்லாத!"

"நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலியே," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

அவளுடைய அம்மா பாயில் படுத்திருந்தார். நெற்றியில் பற்று, கழுத்து வரைக்கும் போர்வை, எதிரே டி.வி.யில் சத்தம் இல்லாமல் ஏதோ ஒரு சீரியல். நான் யார் என்று சொன்னேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், எனக்கு வந்த நினைப்பு உட்பட. உங்கள் மேல் சத்தியம் வாங்கியது நான், உங்கள் மகள் என்னைக் காப்பாற்றத்தான் அதை மீறினாள், ஏதாவது ஆவதென்றால் எனக்குத்தான் ஆக வேண்டும் என்றேன். அவள் கதவில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மா கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்தார். மகளைப் பார்த்தார்.

"ஏன்டி, இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு இதே காய்ச்சல். எதுத்த வீட்டுல வாத்தியாருக்கு, பக்கத்து வீட்டுல மாமியாளுக்கு, மருமவளுக்கு. அத்தன பேரு தலையிலயும் நீ சத்தியம் பண்ணிருக்கியா?"

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"கொசு கடிச்சா காய்ச்சல் வரும்டி! இதையா இத்தன நாளா மனசுல போட்டு அரச்சிக்கிட்டுக் கெடந்த? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியிறாளே, எவனையோ இழுத்துக்கிட்டு ஓடப் போறாளோன்னு நான்ல பயந்து போயிக் கெடக்கேன்!" குரல் கரகரவென்று இருந்தது. ஆனால் திட்டுதான். நிஜமான, சந்தைக்கடைத் திட்டு. கதவோரத்தில் நின்றவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். கை நெருப்பாகச் சுட்டது. "இப்ப அந்த நெனப்பு வருதா?" என்று கேட்டார். மகளைப் போலவே நேராகக் கேட்டார்.

"எப்பவாச்சும் வருதும்மா. முந்தி மாதிரி இல்ல. வந்தா சொல்லிடுறேன்."

"யார்கிட்ட?"

அம்மாவிடம், டாக்டரிடம் என்று சொல்ல வாயெடுத்தேன். கை தானாகக் கதவுப் பக்கம் நீண்டது.

அந்த அம்மா மகளைப் பார்த்தார். "அப்ப எம் மேல பொய்ச் சத்தியம் பண்ணுனது நல்லதாப் போச்சு," என்றார். "இல்லாட்டி நீ இப்ப வந்து இங்க உக்காந்திருப்பியா? தேவைப்பட்டா இன்னொண்ணும் பண்ணிக்கச் சொல்லு. இந்தத் தலை எல்லாம் தாங்கும்." பிறகு திரும்பிப் படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டார். "போங்கடி ரெண்டு பேரும். போயிக் கஞ்சி வைங்க."

அடுப்படிக்குப் போனோம். அவள் அரிசி நொய்யைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள். நான் அவளிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவளும் என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது, கஞ்சி அடிபிடித்துவிட்டது. அதற்கும் உள்ளேயிருந்து திட்டு வந்தது.